பெட்டியில்லாமல் வந்த கார்டு

அம்பிகாவுக்குப் பயம் பிடித்தது, புதுக் கம்ப்யூட்டருக்காகப் பூவரசன் முழுப் பணத்தையும் அனுப்பி வைத்த அன்றைக்குத்தான். அதற்கு முந்தின நாள் வரைக்கும் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பெரம்பலூரில் துறையூர் சாலையோரம், தையல் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, காலேஜ் பிள்ளைகளின் லேப்டாப்பைப் பழுது பார்ப்பது, ஜெராக்ஸ் கடைக்காரர்களின் பிரிண்டரைச் சரி பண்ணுவது என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் சின்னச் சின்ன வேலை. கை தவறினாலும் திரும்பச் செய்து கொடுத்துவிடலாம். இப்போது வந்திருப்பதோ ஒன்றரை லட்சம். அதுவும் அடுத்தவன் வேர்வை.

அவள் திருமழபாடியில் பிறந்து பெரம்பலூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் வீரமுத்து அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்பிகா குருநாதனின் கம்ப்யூட்டர் கடையில் முதலில் பில் போட்டாள். பில் போடுகிற நேரம் போக, பின்னறையில் நின்று வேடிக்கை பார்த்தாள். வேடிக்கை பார்த்தவள் கையில் ஸ்க்ரூடிரைவர் வந்தது. கடைசியில் அந்தக் கடையில் பூட்டுகிற மிஷின் எல்லாமே அவள் கை பட்டதுதான். ஆனாலும் வாங்கிப் போகிறவர்கள் "குருநாதன் கடை மிஷின்" என்றுதான் சொன்னார்கள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. தனியாகப் போகிறேன் என்று சொன்னபோது குருநாதன் கோபப்படவில்லை.

"போ அம்பிகா, நல்லா வா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்க. இங்கன இருந்தா, கெட்டது கடை பேருல போயிடும். அங்கன ஒரு மிஷின் பொசுங்குச்சுன்னா உன் பேருதான் பொசுங்கும். ரெண்டாவது மிஷினு எவனும் குடுக்க மாட்டான்."

அந்தப் பேச்சு காதிலேயே உட்கார்ந்துவிட்டது.

பூவரசன் ஆலத்தியூர்க்காரன். சிமெண்டு ஆலையில் ஷிஃப்ட் வேலை. வேலை முடிந்தால் கம்ப்யூட்டர் விளையாட்டு. அவனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஓர் அணி. பொங்கல் கழிந்த மறு ஞாயிற்றுக்கிழமை பெரிய போட்டி ஒன்று. பழைய கம்ப்யூட்டர் திக்கித் திணறுகிறது, அதற்குள் புதிது வேண்டும். சேமிப்பு, போனஸ் எல்லாவற்றையும் வழித்துச் சேர்த்துவிட்டு, மிஷினுக்குச் சொல்ல வந்திருந்தான். கூடவே அவன் அப்பா கொளஞ்சியப்பனும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற மனுஷர். மாடியேறி வந்ததும் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தக் காசுக்கு ரெண்டு கறவ மாடு வாங்கலாம் அம்மாடி. அது பாலாச்சும் கறக்கும். இது என்னா கறக்கும்?"

"சும்மா இருங்கப்பா" என்றான் பூவரசன்.

"நான் சும்மாதாண்டா இருக்கேன். வெளையாடப் போறது நீதான்."

பூவரசன் போனை நீட்டினான். அவன் ஆசைப்பட்ட மிஷினின் படம். நான்கு பக்கமும் கண்ணாடி, உள்ளே தண்ணீர் ஓடுகிற குழாய், மாரியம்மன் கோயில் தேர் மாதிரி சிவப்பும் பச்சையுமாய் விளக்கு. அம்பிகா அதைப் பார்த்தாள், அவன் சொன்ன தொகையையும் மனதில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒட்டவில்லை.

ஒரு கல்யாணத்துக்குப் பணத்தைப் பிரிப்பது எப்படியோ, இதற்கும் அப்படித்தான். பந்தலுக்கும் சீரியல் பல்புக்கும் கொட்டிவிட்டு, பந்தியில் குழம்பு பத்தாமல் போனால் ஊர் எதைப் பேசும்? விளையாட்டுக் கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டுதான் சாப்பாடு. திரையில் படத்தை ஓட்டுவது அதுதான். பணத்தில் பெரிய பங்கு அதற்குப் போக வேண்டும். விளக்கு பந்தல் அலங்காரம். இதில் யார் வந்து மாற்றிச் சொன்னாலும் ஒத்துக்கொள்வதற்கில்லை.

"தண்ணிக் கொழா வேணாம் தம்பி. பெரிய ஃபேனா ஒண்ணு போட்டுக்கலாம், அதே குளிர்ச்சி, பாதி வெல."

"சரிக்கா."

"ப்ராசஸரு ஒரு படி கீழ எடுத்துக்கலாம். அதனால வெளையாட்டுல உனக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியாது. அந்தக் காசு கார்டுக்குப் போவட்டும்."

"ம்."

"கண்ணாடி கேபினெட்டும் வேணாம்."

பூவரசன் முகம் சுண்டிவிட்டது. "அக்கா, அது இல்லன்னா பசங்க சிரிப்பானுவ."

"உங்க வூடு எங்க இருக்கு? லாரி போற ரோட்டு மேல. சாயங்காலம் வாசல்ல ஒரு சேரப் போட்டா காலையில அதுல பேரு எழுதலாம், அவ்வளவு தூசி. முன்னாடி கண்ணாடி இருந்தா அதுக்குள்ள காத்துப் போவாது. வலை வச்ச கேபினெட்டு வாங்கித் தரேன், வலைக்குப் பின்னாடி ஃபில்டர் இருக்கும், மாசம் ஒருக்கா கழட்டிக் கழுவிப் போடு. பசங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுவ."

கொளஞ்சியப்பன் முதல் தடவையாக அம்பிகாவை நிமிர்ந்து பார்த்தார். "கழுவுறதா? அவன் தின்ன தட்டையே கழுவ மாட்டான்."

ஒன்றில் மட்டும் அவள் கையைக் குறுக்கவில்லை. எல்லாச் சாமான்களுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். மட்டமாய்ப் போட்டால், சாயங்காலம் ஊரில் மோட்டார்கள் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது அது துள்ளும். துள்ளினால் தான் மட்டும் போகாது, கூட இருப்பதையும் சேர்த்துக்கொண்டு போகும். அதனால் நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். பார்த்தாள். அதிலேயே இரண்டு ரகம். புதுக் கார்டுகளுக்கு ஏற்ற புது மாதிரி வயரோடு வருவது ஒன்று, பழைய எட்டுத் துளை வயரோடு வருவது இன்னொன்று. பழையது விலை சல்லிசு. புதுக் கார்டு வாங்கினால், எட்டுத் துளை வயரை அதில் மாட்டுவதற்கு ஓர் இணைப்பு வயர் கார்டின் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பின்னே எதற்கு வீண் செலவு என்று பழைய மாதிரியையே எடுத்தாள். தப்பில்லாத கணக்குதான்.

இவ்வளவு சிக்கனம் பிடித்தும் கார்டின் விலை இங்கே எட்டவில்லை. அப்போதுதான் லப்பைக்குடிக்காட்டு மைமூன் ஞாபகத்துக்கு வந்தாள். மைமூன் அங்கே துணிக்கடை வைத்திருப்பவள், பில் மிஷினுக்கு ஏதாவது என்றால் அம்பிகாவைத்தான் கூப்பிடுவாள். அவள் தம்பி ஜமால்தீன் ஷார்ஜாவிலிருந்து லீவில் வர இருந்தான். அங்கே அதே கார்டு நல்ல மலிவு. பூவரசனிடம் அம்பிகா மறைக்கவில்லை. "அங்க வாங்குனா இங்க கேரண்டி கெடையாது தம்பி. கெட்டா மாத்தித் தர ஆளு இல்ல. யோசிச்சுச் சொல்லு." அவன் யோசிக்கவில்லை. "நீங்க பாத்துச் செஞ்சா போதுங்க்கா" என்றுவிட்டான். அந்த ஒரு சொல்தான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

ஜமால்தீன் கிளம்புகிற அன்று மைமூன் போன் செய்தாள்.

"அம்பிகா, கார்டு வாங்கிட்டானாம். ஆனா அதோட பொட்டி செருப்புப் பொட்டி மாதிரி ரெண்டு மடங்கு இருக்காம்மா. கம்பளி, பால் பவுடரு, தைலம்னு ஏற்கெனவே கிலோ இடிக்குது. என்னா செய்யன்னு கேக்குறான்."

வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் யாரும் பெட்டியோடு எதையும் கொண்டுவருவதில்லை. போனோ மிக்ஸியோ, பெட்டியைக் கிழித்து அங்கேயே போட்டுவிட்டு, சாமானைச் சேலைக்கும் கம்பளிக்கும் நடுவில் சொருகிக் கொண்டுவருவதுதான் வழக்கம். லப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் போய்ப் பாருங்கள், சாமான் இருக்கும், பெட்டி இருக்காது. அம்பிகாவும் அதைப் பார்த்துப் பழகியவள்தானே. சட்டென்று சொல்லிவிட்டாள்.

"பொட்டி எதுக்குக்கா, எடத்த அடைச்சுக்கிட்டு. கார்ட மட்டும் நல்லா துணியில சுத்திக் கொண்டாரச் சொல்லுங்க."

வியாழக்கிழமை காலையில் பூவரசனும் கொளஞ்சியப்பனும் மிஷினை எடுத்துப் போக வந்தார்கள். அம்பிகா அவர்கள் கண் முன்னாலேயே பூட்டினாள். மதர்போர்டில் ப்ராசஸரை உட்கார வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ராமைச் சொருகினாள், ஃபேனை முடுக்கினாள், எஸ்.எம்.பி.எஸ்ஸைக் கேபினெட்டுக்குள் இறக்கி வயர்களை இழுத்துவிட்டாள். கடைசியாகக் கார்டைச் சுற்றியிருந்த குழந்தைக் கம்பளியைப் பிரித்தாள். அத்தர் வாசனை வந்தது. கார்டு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதை மாட்டினாள். கரண்டு வயரைக் கையில் எடுத்தாள்.

வயரில் எட்டுத் துளை. கார்டின் தலையில் இருந்ததோ சின்னப் பல் வரிசை, பன்னிரண்டு, அதற்குக் கீழே ஊசி மாதிரி இன்னும் நான்கு. இணைப்பு வயரை எடுக்க அவள் கை தானாகப் பக்கத்தில் துழாவியது. பெட்டிக்குள் இருக்க வேண்டியது. பெட்டி எங்கே?

 அவள் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, மானிட்டரை மதர்போர்டிலேயே மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துருச்சே" என்று கொளஞ்சியப்பன் எழுந்தார். "கட்டிக் குடு அம்மாடி, வெயிலுக்கு முன்ன போயிடுறோம்."

அப்படியே கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, பிறகு வயரைத் தேடிக்கொள்ளலாம் என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதை விழுங்கிக்கொண்டாள்.

"இல்ல பெரியப்பா. இதுல படம் தெரியும், வெளையாட்டு ஓடாது. கார்டுக்குக் கரண்டு குடுக்குற வயரு அதோட பொட்டியில இருந்திருக்கு. அந்தப் பொட்டிய வேணாம்னு சொன்னது நான்தான். தப்பு என்னுது."



"பொட்டிய வேணாம்னியா?" கொளஞ்சியப்பன் மெதுவாகத்தான் கேட்டார். "மக்காச்சோள வெதப் பையயே அறுப்பு முடியிற வரைக்கும் பத்திரமா வச்சிருப்போம். இவ்வளவு காசு போட்ட ஜாமானுக்குப் பொட்டி வேணாம்னியா நீ?"

அம்பிகா கார்டை எடுத்துக் கம்பளியில் திரும்பச் சுற்றினாள்.

"ஞாயித்துக்கெழம போட்டி. சனிக்கெழம பொழுது சாயிற வரைக்கும் பாக்குறேன் அம்மாடி. ஓடலன்னா எங்களுக்கு வேணாம். ஜாமான நீயே வச்சுக்கிட்டுப் பணத்த அனுப்பிடு. ஆலத்தியூர்ல இன்னும் நாலு பேரு உங்கிட்ட வாங்கலாமான்னு கேட்டுக்கிட்டு இருக்கான். அவனுவகிட்டயும் உள்ளதச் சொல்லிடுவேன்." சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார். பூவரசன் போகவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை, நகத்தைக் கடித்துக்கொண்டு கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்பிகா மைமூனுக்குப் போன் போட்டாள். மைமூன் தம்பியைக் கேட்டுவிட்டு வந்தாள். "கறுப்பா ஒரு வயரு இருந்துச்சாம்மா. கார்டுலதான் வயரு எதுவும் இல்லியே, இது எதுக்குன்னு பொட்டியோட கடாசிட்டு வந்துட்டானாம். யா அல்லா, பொட்டியில கை விட்டுப் பாக்கணும்னு இவனுக்குத் தோணல பாரு."

அடுத்து இருந்தது ஒரே வாசல்தான். கால் கூசியது, ஆனாலும் போனாள். பூவரசன் பைக்கில் கூட்டிக்கொண்டு போனான். குருநாதன் கடையில் கூட்டம். அம்பிகாவைக் கண்டதும் டீ சொன்னார், விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"தனியா போனா தலைவலியும் தனியாத்தான் வரும்னு அன்னிக்கே நெனச்சேன். இரு." உள்ளே போய் ஒரு டப்பாவைக் கிளறி, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து நேரே கார்டுக்குப் போகிற வயர் ஒன்றை எடுத்து வந்தார். "இது வேற கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்ஸோட வந்தது. முனை ரெண்டும் உன் மிஷினுக்குப் பொருந்தும். கொண்டு போய் மாட்டு, காசெல்லாம் வேணாம்."

மனுஷர் நல்ல மனதோடுதான் கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அறைக்கு வந்து மாட்டினார்கள். எஸ்.எம்.பி.எஸ். பக்கம் டக்கென்று உட்கார்ந்தது. கார்டுப் பக்கமும் டக்கென்று உட்கார்ந்தது. பூவரசனுக்கு முகத்தில் இரத்தம் திரும்பியது.

"கச்சிதமா இருக்குக்கா. போடுங்க."

அம்பிகா ஸ்விட்சில் விரலை வைத்தாள். விரல் இறங்கவில்லை. முன்பு குருநாதன் கடையில் ஒரு ஸ்டுடியோக்காரருக்கு இப்படித்தான் யாரோ வேறு கம்பெனி வயரைச் சொருகி, ஊர்க் கல்யாணமெல்லாம் இருந்த ஹார்டு டிஸ்க் ஒரு நிமிஷத்தில் நாறிப் புகைந்தது. கார்டுப் பக்கத்து முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனை அப்படியில்லை. வடிவம் ஒன்றாய் இருக்கும், எந்தத் துளையில் கரண்டு வரும் என்பதை அவனவன் இஷ்டத்துக்கு வைத்திருப்பான்.

"என்னாக்கா?"

"இரு தம்பி."

"பொருந்திடுச்சுல்ல?"

"பொருந்துறது வேற, சேருறது வேற. கொஞ்சம் பொறு."

கார்டிலிருந்து வயரைக் கழற்றினாள். கார்டையே எடுத்துத் தூரமாகக் கம்பளி மேல் வைத்தாள். மதர்போர்டு வயரையும் பிடுங்கிவிட்டு, அதன் இரண்டு துளைகளைக் கம்பியால் சேர்த்து, எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் ஓட விட்டாள். சும்மா தொங்கிய அந்த வயரின் முனையில் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் வைத்தாள்.

பன்னிரண்டு வோல்ட் காட்டியது. பன்னிரண்டுக்கு முன்னால் ஒரு கழித்தல் கோடு.

பூவரசன் குனிந்து பார்த்தான். "அப்படின்னா?"

"கரண்டு தலகீழா வருது. வர வேண்டியது போற எடத்துல இருக்கு. போவ வேண்டியது வர்ற எடத்துல இருக்கு."

"மாட்டியிருந்தா?"

"கார்டு பொசுங்கியிருக்கும்." அம்பிகா மீட்டரைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து மறுபடியும் அளந்தாள். கோடு போகவில்லை.

எஸ்.எம்.பி.எஸ். வாங்கிய சென்னைக் கடைக்குப் போன் போட்டாள். அதே கம்பெனி, அதே மாதிரிக்கு என்று தனியாக வயர் விற்கிறதா என்று கேட்டாள். அவர்கள் தேடிப் பார்த்து, இருக்கிறது, கூரியரில் போட்டால் திங்கட்கிழமை கிடைக்கும் என்றார்கள். திங்கட்கிழமை கிடைத்து என்ன பண்ண? கெஞ்சிக் கூத்தாடி, வெள்ளி ராத்திரி கிளம்புகிற திருச்சி பஸ்ஸில் டிரைவர் கையில் கொடுத்துவிடச் சொன்னாள். வயருக்கும் டிரைவருக்கும் அவள் கூலியிலிருந்துதான் போனது. அந்த மிஷினில் அவளுக்கென்று மிஞ்சியது சொல்லும்படி இல்லை.

சனிக்கிழமை விடிகிற நேரம், திருச்சி பஸ் போகிற நான்கு ரோடு முக்கில் போய் நின்றாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் போனை எடுக்கவில்லை. வருகிற பஸ் எல்லாவற்றுக்கும் கையைக் காட்டினாள். நின்ற பஸ்காரர்கள் "எங்கம்மா போவணும்" என்றார்கள், எங்கேயும் போக வேண்டாம் என்றதும் முறைத்துவிட்டுப் போனார்கள். தூங்கி மறந்து திருச்சிக்கே கொண்டுபோயிருப்பாரோ, வயரைச் சீட்டுக்கு அடியில் யாராவது மிதித்திருப்பார்களோ என்று மனசு எங்கெங்கோ ஓடியது. பொழுது பலபலவென்று விடிந்த பிறகு ஒரு பஸ் வேகத்தைக் குறைத்தது, நிற்கவில்லை. ஜன்னல் வழியாக ஒரு கை நீண்டது. "அம்பிகாவா?" என்றது குரல். ஓடிப் போய் வாங்கிக்கொண்டாள்.

அதையும் அவள் நம்பவில்லை. அறைக்குக் கொண்டுபோய் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டு. முன்னால் ஒன்றும் இல்லை. கார்டில் மாட்டி ஸ்விட்சைப் போட்டாள். திரை வந்தது, விளையாட்டும் ஓடியது. ஆனால் இங்கே ஓடுவது பெரிதில்லை, அங்கே ஓட வேண்டும். பூவரசன் ஒரு கார் பிடித்து வந்தான். மிஷினைப் பின்சீட்டில் வைத்து, அம்பிகா அதைப் பிள்ளையை அணைத்துக்கொள்வது போல் பிடித்துக்கொண்டு ஆலத்தியூர் போனாள்.

கொளஞ்சியப்பன் வாசலில் நின்றார். வா என்று மட்டும் சொன்னார். உள்ளே மேசையில் எல்லாவற்றையும் மாட்டி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஊரில் மோட்டார்கள் ஓடுகிற நேரம். டியூப்லைட் ஒரு தடவை மங்கி எழுந்தது. அம்பிகா ஸ்விட்சைப் போட்டாள்.

ஃபேன் சுற்றியது. பூவரசன் விளையாட்டைத் திறந்தான். கார்டின் சத்தம் ஏறியது. மறுபடியும் டியூப்லைட் மங்கியது, மிஷின் அசையவில்லை. அம்பிகா கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்தே வைத்து, வயர் முனையில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். லேசான சூடு. அவ்வளவு சூடு இருக்கத்தான் செய்யும். ஒரு ஆட்டம் முடிந்து, அடுத்த ஆட்டமும் முடிந்தது. பூவரசன் திரும்பாமலேயே, "சூப்பரா இருக்குக்கா" என்றான்.

கொளஞ்சியப்பன் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"இனிமே ஒண்ணும் ஆவாதே?"

ஆகாது என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறலாம். அம்பிகாவுக்கு வாய் வரவில்லை. "இன்னிக்கு நல்லா இருக்கு பெரியப்பா. ஒரு வாரம் ஓடட்டும். அப்பத்தான் சொல்வேன்."

 அவர் உள்ளே போய், மூட்டையில் பேர் எழுதுகிற மார்க்கர் பேனா ஒன்றைத் தேடி எடுத்து வந்து நீட்டினார்.

"கொட்டாயில மோட்டாரு ஸ்டார்ட்டர் பொட்டி மேல மெக்கானிக்கு பேரும் நம்பரும் எழுதியிருக்கும். எது ஆனாலும் அவனத்தான் கூப்பிடுவோம். இதுக்கும் எழுதிட்டுப் போ. கேக்குற பயலுவளுக்கும் ஆவும்."

"அப்பா, கேபினெட்டு மேலயா? அசிங்கமா இருக்கும்" என்றான் பூவரசன்.

"நீ வெளையாடு."

அம்பிகா பேனாவின் மூடியைக் கழற்றினாள். கேபினெட்டின் பக்கத்தில், கண்ணில் படுகிற இடமாகப் பார்த்துத் தன் பேரை எழுதினாள். அதற்குக் கீழே நம்பரை எழுதி, ஒவ்வோர் எண்ணாகப் படித்துச் சரிபார்த்தாள். எழுதி முடித்துவிட்டு, வயர் முனையை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள்.